தரை தெரிந்தது, இறங்கவில்லை

விமானத்தில் ஏறும்வரை எனக்குத் தெரிந்த விமானப் பயணம் எல்லாம் அடுத்தவர்கள் சொன்னதுதான். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எனக்கு வாடகை சைக்கிள் கடை. வருகிற வெள்ளைக்காரர்கள் நான் காற்றடிக்கிற நேரத்தில் விமானக் கதை சொல்வார்கள். சாப்பாடு சரியில்லை, கால் நீட்ட முடியவில்லை, பக்கத்துச் சீட்டுக்காரன் குறட்டை. விழுப்புரம் பஸ்ஸிலும் இதே கதைதானே, இதற்கா அவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பாவிகளில் ஒருத்தர்கூட இறங்குவதைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், வளைகுடாவில் ஒரு ஊருக்கு. பெயரைச் சொல்லப் போவதில்லை. என் மனைவி மல்லிகா அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு கட்டுவதற்காகப் போனவள். ஆசிரமத்துக்குப் பின்பக்கம் வீடு எழும்பி, பால் காய்ச்சி, வாசலில் கட்டிய வாழைமரமும் காய்ந்து போயிற்று. அவள் மட்டும் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவில் வருவாள், திரும்பிப் போவாள். போனில் கேட்டால் "பாக்கலாம்" என்பாள். அந்த "பாக்கலாம்" கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நேரில் போய்க் கேட்டு, வருகிறாளா இல்லையா என்று தெரிந்துகொண்டுதான் திரும்புவது என்று கிளம்பினேன். விசா, டிக்கெட் சமாச்சாரத்தை விட்டுவிடுகிறேன். அந்த அவஸ்தையை எழுத ஆரம்பித்தால் ஊர் போய்ச் சேர மாட்டோம்.

பக்கத்துச் சீட்டில் கரீம் பாய். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் தம்பி. அந்த ஊர் ஏர்போர்ட்டில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். நர்ஸ்கள் விடுதிக்குள் ஆண்களைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால், நான் அவர் அறையில் தங்குவதாக அவருடைய அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். மல்லிகாவை அவர் பார்த்ததில்லை.

சாப்பாடு வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரொட்டி, அதைக் கடிப்பதற்குள் தாடை வலித்துவிட்டது. வெண்ணெய் கல்லாக இருந்தது. பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காலுக்கடியில் இருந்த பையிலிருந்து வீட்டில் கட்டிக்கொடுத்த சப்பாத்தியையும் கொத்துக்கறியையும் எடுத்தார். வாசனை நாலு வரிசைக்குப் போயிற்று. பணிப்பெண் வந்து பார்த்தாள். ஏதாவது சொல்லப் போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் சிரித்துவிட்டு, கை துடைக்க இரண்டு காகிதத் துண்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

"நல்லா சாப்டுங்கண்ணே. இன்னும் கொஞ்ச நேரத்துல எறங்கிடுவோம்" என்றார் பாய்.

கடல் தெரிந்தது, அப்புறம் மணல், அப்புறம் வரிசையாக வெள்ளை மாடிகள். மாடியில் துணி காய்ந்தது. அதில் ஒரு சிவப்புச் சேலைகூடத் தெரிந்தது, அவ்வளவு தாழ்வாக வந்துவிட்டோம். கீழே கடகடவென்று சத்தம். ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்று பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சக்கரம்ணே. அது இல்லாம எறங்கினா வயித்தாலதான் தேச்சிக்கினு போவணும்" என்றார். சரி, இவ்வளவுதானே என்று ஜன்னலில் முகத்தை வைத்தேன். ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் எங்களுக்குக் கீழே ஓடின. பனைமர உயரம்கூட இருக்காது.

அப்போது இன்ஜின் அலறியது. முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எங்கேயோ தட்டுகள் சரிந்து விழுந்தன, ஒரு குழந்தை வீரிட்டது. நான் "அண்ணாமலையாரே!" என்று கத்தினேன். அதே மூச்சில் பாய் "யா அல்லா!" என்றார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நாங்கள் இறங்க வேண்டிய பாதையிலேயே இன்னொரு விமானம். ஓரமாக ஒதுங்கப் பாதி திரும்பி, மீதி பாதையிலேயே நின்றது. அதன் முதுகு முழுக்க எனக்குத் தெரிந்தது. அதற்குள்ளும் நம்மைப் போல ஆள்கள் பெட்டியை எடுக்க எழுந்து நின்றிருப்பார்கள். தங்கள் தலைக்கு மேலே போனது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்ததோ என்னமோ.

பிறகு ஓட்டுகிறவர் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். பஸ் பங்ச்சர் ஆனதைச் சொல்கிற கண்டக்டர்கூட அதைவிடக் கவலையாகச் சொல்வார். பாய் எனக்குத் தமிழில் சொன்னார்: "கீழ வேற பிளேன் இருந்துச்சாம். அது நவுர்றதுக்குள்ள நாம வந்துட்டமாம். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து எறக்குவாராம்."

அந்த ஒரு ரவுண்டில் எனக்குக் கடை, சைக்கிள் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. மல்லிகா கீழே நிற்கிறாள். இரண்டு வருஷம் கழித்து இத்தனை கிட்டே வந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே போகப் போகிறேன் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது. ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேனே, அப்புறம் என்ன ஆனாலும் சரி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பாய் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

விமானம் வலப்பக்கம் சாய்ந்து ஊரைச் சுற்ற ஆரம்பித்தது. ஊர் முழுக்க என் வலது கைப்பக்கம் கீழே கிடந்தது. எங்கள் ஊரில் மலையைச் சுற்றும்போது மலையும் வலது கைப்பக்கம்தான் இருக்கும். "பாய், வலமாத்தான் சுத்துது" என்றேன். எனக்கு அதில் ஒரு தெம்பு.

"பயத்துலயும் உங்களுக்கு கிரிவலமா? நல்லா இருக்குது போங்க" என்றார் அவர். ஆனால் அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டாவது தடவை இறங்கிவிட்டோம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. சீட்டின் கைப்பிடியை இன்னும் விடவில்லை.

வெளியே வந்தால் மல்லிகாவைக் காணோம். வரவேற்கிறவர்கள் நிற்கிற கம்பியோரம் முழுக்கத் தேடினேன். அந்தக் கூடம் வட்டமாக இருந்தது. நடுவில் கடைகள், சுற்றிலும் நடைபாதை. இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பௌர்ணமிக் கூட்டத்தில் கூட வந்தவர் கையை விட்டுவிட்டால் யாரும் திரும்பி வந்து தேட மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் எதிர்ப்பக்கம் நடக்கவும் முடியாது, நடக்கவும் கூடாது. நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், சுற்றி வந்தால் கிளம்பின இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். கல்யாணமான புதிதில் நானும் மல்லிகாவும் எத்தனையோ தடவை அப்படித் தொலைந்து சேர்ந்திருக்கிறோம். கால் தானாகவே நடந்தது. கடைகளை வலது கைப்பக்கம் விட்டு ஒரு சுற்று வந்தேன். இல்லை. மறுபடி ஒரு சுற்று.

பாய் டீக்கடை ஓரமாக எங்கள் இரண்டு பேருடைய பெட்டியையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்றாவது தடவை நான் அவரைத் தாண்டும்போது பிடித்து நிறுத்தினார்.

"அண்ணே, உங்க சம்சாரம் நீலப் பொடவையா? ஒல்லியா?"

"தெரியலயே பாய். ஒல்லிதான்."

"ஒரு அம்மா அழுதுக்கினே உங்கள மாதிரியே ரவுண்டு போவுது. நீங்க இந்தப் பக்கம் வந்தா அது அந்தப் பக்கம் இருக்குது. ரெண்டு பேரும் திருவண்ணாமலைன்னா இப்படியா? ஒருத்தராச்சும் நில்லுங்களேன்!"

நான் நிற்கவில்லை. திரும்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்ப்பக்கம் நடந்தேன், நடந்தேன் என்ன, ஓடினேன். பணம் மாற்றுகிற கடைக்கு முன்னால் அவள் வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, எதிர்ல வர்றீங்க?" என்றாள். அழுதுகொண்டே அதைத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அங்கே நாலு பேர் நடுவில் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே கார் நிற்கிற இடத்திலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். விமானம் தரைக்கு வந்ததும், தொடாமல் தலைதெறிக்க மேலே போனதும். என் விமானமா என்று கேட்க ஓடியவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லையாம். "கேட்டுக் கேட்டுப் பாத்தேன். அப்புறம் சுத்த ஆரம்பிச்சேன்" என்றாள்.

மறுநாள் அவளுக்கு டியூட்டி. நான் பாயின் அறையில். கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட அறை, எல்லோரும் நம்ம பக்கத்து ஆள்கள்தான், ஆரணி, செய்யாறு. ஒருத்தர் மீன் குழம்பு வைத்தார். எங்கள் ஊரில்கூட நான் அப்படிச் சாப்பிட்டதில்லை. அந்தக் கட்டிடம் விமானங்கள் இறங்குகிற வழிக்கு நேர் கீழே. ஒன்று போனால் டம்ளர் அதிரும், அது அடங்குவதற்குள் அடுத்தது. நான் மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். பௌர்ணமிக்கு விடும் ஸ்பெஷல் பஸ்கள் மாதிரி ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று வந்தது.

"நேத்து நடந்தது அடிக்கடி நடக்குமா பாய்?"

"நடக்கும்ணே. முன்னாடி போறது மெதுவா போவும், பின்னாடி வர்றது வேகம் ஜாஸ்தியா வந்துடும். ரெண்டுக்கும் எடைவெளி கம்மியாயிட்டா டவர்ல இருக்கறவரு பின்னாடிக்காரனை மேல போ, சுத்திட்டு வான்னுடுவாரு. எறங்கின பிளேன் நவுர லேட் பண்ணாலும் அதேதான்."

"பேப்பர்ல ஒண்ணும் வர்றதில்லையே?"

"மோதினாதாண்ணே பேப்பரு. மோதலன்னா இன்னாத்தப் போடுவான்?" பால் விடாத சுலைமானி டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "மேல தூக்கறதப் பாத்து பயப்படக் கூடாது. தூக்கறவன் நல்லவன். கீழ எடம் இல்லன்னு தெரிஞ்சும் எறக்குறான் பாருங்க, அவன்தான் ஆபத்து."

வெள்ளிக்கிழமை மல்லிகாவுக்கு விடுமுறை. கடலோரப் பூங்காவுக்குப் போனோம். ரொட்டிக்குள் கறியைச் சுருட்டிக் கொடுக்கிறார்கள், இரண்டு வாங்கினாள். எனக்குப் பாதி கீழே ஒழுகியது, அவள் கைக்குட்டையால் என் சட்டையைத் துடைத்தாள். அவள் தலையில் நரை வந்திருந்தது. போன லீவில் இல்லை. அல்லது இருந்து நான் பார்க்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஆனாலும் எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலவே இருந்தது. இந்த ஏக்கத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் விடுதி வாசலில் விட்டுவிட வேண்டும்.

"எப்ப வர்ற?" என்றேன்.

"பாக்கலாம்."

அவ்வளவுதான், எனக்கு வந்துவிட்டது கோபம். "இன்னும் என்ன பாக்கலாம்? ஒவ்வொரு லீவுக்கும் வர்ற. வந்துட்டேன்னு நான் மூச்சு வுடறதுக்குள்ள மேல ஏறிப் போயிடற. அன்னிக்கு அந்த பிளேன் பண்ணிச்சே, அதேதான் நீயும் பண்ற!"

பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மல்லிகா கத்தவில்லை.

"அந்த பிளேன் ஏன் எறங்கல?" என்றாள்.

"கீழ வேற பிளேன் நின்னுச்சு."

"எனக்கும் அதாங்க. போன லீவுக்கு வந்தனே, நான் எங்க படுத்தேன்?"

வீட்டு அறைகளை எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். ஆசிரமப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். மாடி, கீழ் இரண்டு அறை, முன் கூடம்கூட.

"ஸ்டோர் ரூம்ல படுத்தேன். சைக்கிள் டயர் நாத்தத்துல. நான் கட்டின வூட்ல" என்றாள். "வந்த மறுநாள் உங்களுக்குப் புடிக்குமேனு சாம்பாருக்கு குக்கர்ல பருப்பு வெச்சேன். ரெண்டாவது விசிலுக்கு மாடியிலேர்ந்து ஒரு அம்மா எறங்கி வந்து, தியானத்துல இருக்கோம், சத்தம் வேணாம்னு கை கூப்புது. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன். கை கூப்பினா இன்னா பண்றது? அடுப்ப அணைச்சிட்டேன். அன்னிக்கு முச்சூடும் எனக்கு நெஞ்சு ஆறல. வார்டுல கெடக்கற நோயாளிக்குக்கூட அவனவன் கட்டில்னு ஒண்ணு இருக்குதுங்க."

"உனக்காகத்தான்டி வுட்டேன்! வாடகை வந்தா நீ சீக்கிரமா வந்துடலாமேனு!"

"நான் கேட்டனா?"

தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கப் போயிற்று. பிறகு நான் சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்ததல்ல. "அது மட்டும் இல்ல. பால் காய்ச்சிட்டு நீ போனப்புறம் அந்த வூட்ல தனியா படுத்துப் பாத்தேன். முடியல. ஒவ்வொரு ரூமும் உன்னைக் கேக்குது. அதான் ஆளுங்கள வெச்சேன். நீ லீவுல வர்றப்ப தவிர நான் கடையிலதான் படுத்துக்கறேன், அன்னிலேர்ந்து."

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதை ஏன் போன்ல சொல்லல?"

"இதெல்லாம் போன்ல சொல்றதா?"

"வேற எதைச் சொல்றதாம்? மழை பெய்யுதா, கரண்டு இருக்குதான்னுதானே பேசிக்கினு இருந்தோம் இத்தன வருஷம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து நடக்கும்போது, நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுதி வாசலில்தான் விட்டாள். "காலி பண்ணிட்டு எனக்கு போன் பண்ணுங்க. அதுக்கு மேல சொல்றேன்" என்றாள். வருகிறேன் என்று அப்போதும் சொல்லவில்லை.

திரும்பும்போது தனியாகத்தான் வந்தேன். மெட்ராஸில் விமானம் இறங்கும்போது முன் சீட்டுக்கு அடியில் பிரேக் இருப்பது போல இரண்டு காலையும் அழுத்தினேன். ஒரே தடவையில் இறங்கிவிட்டது. பஸ்ஸில் செஞ்சி தாண்டி மலை தெரிந்ததும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் மனசு அந்த வீட்டைச் சுற்றியே இருந்தது. யாரிடம் முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது.

மாடியில் ஹெல்கா என்று ஒரு ஜெர்மன் அம்மா. கை கூப்பியது அவர்தான். நல்ல மனுஷி, என் கடையில் சைக்கிள் எடுத்தால் துடைத்துத்தான் திருப்பித் தருவார். அவரிடமே முதலில் போனேன். தணிகாசலம் என்கிற என் பெயர் அவர் வாயில் தணி. ஆங்கிலத்தில் கேட்டார்: "உன் மனைவி எப்போதும் இங்கே இருப்பதில்லையே, தணி? காலி வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?"

"அவ இங்க இல்லாததுக்கு வீடு காலியா இல்லாததுதாம்மா காரணம்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். குக்கர் விஷயத்தை அவராகவே சொன்னார். அந்தப் பெண் அடுப்பை அணைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன், அதற்கப்புறம் எனக்குத் தியானமே கூடவில்லை என்றார். அடுத்த வாரமே மூட்டை கட்டினார்.

மற்றவர்களை அப்படிச் சட்டென்று கிளப்ப முடியவில்லை. சீசன் நேரம், ஆசிரமப் பக்கம் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலை வரைக்கும் வீடு வீடாக அவர்களுக்கு இடம் தேடினேன். "இன்னா தணிகாசலம், உன் வூட்ட காலி பண்ணிட்டு எங்க வூட்ல ஆள் வெக்கறியே, புத்தி கெட்டுப் போச்சா?" என்று ஒரு டீக்கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். மாசி பௌர்ணமிக் கூட்டம் கலைந்த மறுநாள் கடைசி ஆளும் போனார். ஸ்டோர் ரூம் டயர்களைக் கடைக்கு ஏற்றினேன். வீட்டைக் கழுவிவிட்டேன். கையோடு பூட்டிவிட்டு வந்து கடையில் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எதிர்சாரி போன் பூத்திலிருந்து கூப்பிட்டேன். விடுதியில் யாரோ எடுத்து, மல்லிகா என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். அவள் செருப்புச் சத்தம் தூரத்திலிருந்து வந்தது.

"காலி பண்ணிட்டேன்" என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"மாடி?" என்றாள்.

"காலி."

"கீழ ரெண்டு ரூமும்?"

"காலி."

"கூடம்?"

"காலி. ஒரு கோரைப் பாய்கூட இல்ல. கழுவி வுட்டுட்டேன்."

"ஸ்டோர் ரூம்?"

"டயரெல்லாம் கடைக்கு வந்துடுச்சு. ஜன்னலத் தெறந்து வெச்சிருக்கேன், நாத்தம் போவட்டும்னு."

அவள் மூச்சு மட்டும் கேட்டது. போன் பூத்துக்காரர் நான் அழப் போகிறேனோ என்று என்னையே பார்த்தார்.

"நாளைக்கு எழுதிக் குடுத்துடறேங்க" என்றாள். "மூணு மாசம் நோட்டீஸ் கேப்பாங்க. முடிஞ்சதும் வந்துடறேன்."

ம் என்றேன். மறுபடியும் ம் என்றேன்.

"நீங்க இப்ப எங்க படுக்கறீங்க?"

"கடையிலதான்."

"வீடுதான் காலியாயிடுச்சே?"

"நீ வந்ததும் ஒண்ணாப் போலாம்னு பூட்டி வெச்சிருக்கேன்."

"லூசாங்க நீங்க?" அவள் குரல் உடைந்துவிட்டது. "இன்னிக்கே போய்ப் படுங்க. நான் அவ்ளோ தூரத்துலேர்ந்து பூட்டின வூட்டுக்கா வருவேன்?"